புற்றுநோய் செல்லைக் கொல்லும் ஒளி சிகிச்சை... குறுக்கே வரும் நைட்ரிக் ஆக்சைடு நண்பனா, எதிரியா?

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை திருச்சி கே.கே. நகரில் பல தாத்தாக்களின் சட்டைப் பையில் பார்க்கலாம். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி ரத்தக்குழாயை விரிக்கிறது. இதயத்துக்கு நல்லது செய்யும் இதே வாயுதான், ஒரு புற்றுநோய் சிகிச்சையில் டாக்டர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. எப்படி?

அது என்ன சிகிச்சை?

பெயர் போட்டோடைனமிக் தெரபி. நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை வேறு, இது வேறு. ஒளியை உறிஞ்சும் மருந்தை முதலில் உடலில் செலுத்துவார்கள். 'போட்டோஃப்ரின்' மருந்து என்றால் சுமார் 2 நாள் கழித்து, கட்டி மீது 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். 1995-ல் அமெரிக்கா இதை உணவுக்குழாய் புற்றுநோய்க்கு அனுமதித்தது.

மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அப்போது உருவாகும் வீரியமான ஆக்சிஜன், செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாக்கும். ஒரு மூலக்கூறு கெட்டால் அடுத்ததும் கெடும். சரவெடி மாதிரி தொடர்ந்து வெடித்து செல் செத்துப்போகும்.

நைட்ரிக் ஆக்சைடு என்ன செய்கிறது?

சரவெடியின் திரியை நடுவில் கிள்ளிவிடுகிறது. அவ்ளோதான்! கொழுப்பில் பரவும் வேதிவினையை அது பாதியில் நிறுத்துவதால் செல் பிழைத்துக்கொள்கிறது.

இதில் வில்லங்கம் என்னவென்றால், தாக்குதலுக்கு ஆளான புற்றுநோய் செல்லே இந்த வாயுவை அதிகமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட் ஜிரோட்டி குழுவினர் மார்பக, புராஸ்டேட், மூளைப் புற்றுநோய் செல்களில் இதைக் கண்டனர். பிழைத்த செல்கள் வேகமாகப் பெருகி, நகரவும் செய்தன. ஒளி படாத பக்கத்து செல்களையும் வாயு பரவி உசுப்பிவிட்டது. வாயு உற்பத்தியைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது இந்த வேகம் குறைந்தது.

அப்போ எதிரியா?

அளவைப் பொறுத்தது. குறைந்த அளவில் செல்லைக் காப்பாற்றும். மிக அதிகமானால் அதே வாயு செல்லைக் கொல்லும். அதனால் ஆய்வாளர்கள் இரண்டு வழியிலும் முயல்கிறார்கள்: ஒன்று வாயுவைத் தடுப்பது, இன்னொன்று அளவுக்கு மீறி ஏற்றுவது.

இரண்டு விஷயம் குழப்பிக்காதீங்க

மயக்க மருந்தாகப் பயன்படும் 'சிரிப்பு வாயு' நைட்ரஸ் ஆக்சைடு. இது நைட்ரிக் ஆக்சைடு. உடலில் இதன் பங்கைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

* போட்டோஃப்ரின் ஏற்றியவர்கள் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். திருச்சி வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்பதுகூட தோலைப் புண்ணாக்கிவிடும்.
* ஒளி திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர்கூட சரியாகப் போகாது. ஆழமான பெரிய கட்டிக்கோ, உடல் முழுக்கப் பரவிய புற்றுநோய்க்கோ இது தீர்வல்ல.
* 'நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்' என விற்கும் ஜிம் பவுடர் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
* இதய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. மேலே சொன்ன ஆய்வுகள் ஆய்வகத்து செல்களில் நடந்தவை. மாத்திரை பற்றி முடிவெடுக்க வேண்டியது உங்கள் டாக்டர்தான்.