அறவண அடிகளின் முப்பத்து மூன்று போலிகள்

மணிமேகலையை முழுவதும் படித்ததாகச் சொல்பவர்களிலும் பெரும்பாலோர் 29ஆம் காதையைப் படித்திருக்க மாட்டார்கள். முதுகலை மாணவனாக இருந்தபோது நானும் படிக்கவில்லை. ‘இது வெறும் தருக்கம், தேர்வுக்கு வராது’ என்று சொல்லி எங்கள் ஆசிரியர் நேராக முப்பதாம் காதைக்குப் போய்விட்டார். நாங்களும் மகிழ்ச்சியோடு பின்தொடர்ந்தோம். பிற்காலத்தில் அதே காரியத்தை என் வகுப்பில் நானும் செய்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை என்பது அதன் பெயர். புகாரைக் கடல் கொண்டபின் காஞ்சிக்கு வந்து சேர்ந்த அறவண அடிகளிடம் மணிமேகலை அறம் கேட்கிறாள். அடிகள் அறத்தை உடனே சொல்லிவிடுவதில்லை. ஒரு கூற்று எப்படி நிறுவப்படுகிறது, எங்கெங்கே பழுதுபடுகிறது என்று சொல்லத் தொடங்குகிறார். நிறுவ வேண்டிய முடிபு பக்கம். அதற்குச் சொல்லும் காரணம் ஏது. இரண்டையும் தாங்கும் சான்று எடுத்துக்காட்டு. இம்மூன்றிலும் நேரக்கூடிய போலிகளை அவர் எண்ணிக் காட்டுகிறார்: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து. ஆக முப்பத்து மூன்று. (தமிழாசிரியனுக்குப் போலி என்றதும் ஐந்து அஞ்சானதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இலக்கணப் போலியில் எழுத்து மாறியும் பொருள் மாறுவதில்லை. இங்கே காரணத்தின் தோற்றம் மட்டும் இருக்கிறது. காரணம் செய்ய வேண்டிய வேலை நடப்பதில்லை.)

சில போலிகள் வேடிக்கையானவை. பெற்ற மகனே தன் தாயை மலடி என்று சொல்வது சுவசன விருத்தம்: சொல்பவன் இருப்பதே சொல்லைப் பொய்யாக்கிவிடுகிறது. எழுந்தது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது சித்தாசித்தம். இவற்றைப் படிக்கையில் இது ஏதோ பொதுவான அறிவுப் பயிற்சி என்றே தோன்றும். ஆனால் காதையைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று உறுத்தும். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை சத்தத்தைப் பற்றியவை. சத்தம் நித்தமா, அநித்தமா? மீண்டும் மீண்டும் இதே கேள்வி. ஓர் ஆசிரியருக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா?

கிடைக்காமலில்லை. அக்காலத்துச் சமய வழக்குகளில் மிகப் பெரிய வழக்கு இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேதம் எவராலும் இயற்றப்படாதது, ஆகவே இயற்றியவனின் பிழை அதில் புக வழியில்லை என்பது மீமாம்சகரின் நிலைப்பாடு. அது நிற்க வேண்டுமானால் சொல் தோன்றி அழிவதாக இருக்கக்கூடாது. என்றும் உள்ளதாக இருந்து, நாவும் உதடும் அதை வெளிப்படுத்த மட்டுமே வேண்டும். பௌத்தரின் மறுப்பு மிக எளியது: சத்தம் அநித்தம், செயலால் தோன்றுவதால், குடத்தைப் போல. குயவன் வனைந்த குடம் உடைகிறது. வாய் எழுப்பிய ஒலியும் அப்படியே. வறண்ட உதாரணமாக நமக்குத் தெரியும் இந்த ஒரு வாக்கியத்தின் மறுபக்கத்தில் வேதத்தின் அதிகாரம் முழுவதும் நின்றது.

என்னை இந்தக் காதைக்குள் இழுத்தது இதற்கு அடுத்த செய்தி. பௌத்தர்களுக்கு இத்தனை அருமையான இந்த வாதத்தை அறவண அடிகள் போலிகளின் பட்டியலிலேயே இரண்டு இடங்களில் வைக்கிறார். முதலாவது, அன்னியதராசித்தம். பேசுபவனுக்கு உடன்பாடான காரணம் எதிரே நிற்பவனுக்கு உடன்பாடாக இல்லாமற்போவது. சத்தம் செயலால் தோன்றுகிறது என்பதையே சாங்கியன் ஏற்கமாட்டான். முன்பே உள்ளது வெளிப்படுகிறது என்பான். அவனிடம் இந்த ஏதுவைச் சொல்லிப் பயனில்லை. இரண்டாவது இன்னும் கூர்மையானது. விருத்தவியபிசாரி என்று பெயர். சத்தம் செயலால் தோன்றுவதால் அநித்தம், குடத்தைப் போல என்று ஒருவன் சொல்கிறான். சத்தம் கேட்கப்படுவதால் நித்தம், எல்லா ஒலிக்கும் பொதுவான சத்தத்துவத்தைப் போல என்று மற்றவன் சொல்கிறான். தனித்தனியே பார்த்தால் இரண்டும் முறைப்படி அமைந்தவை. சேர்த்துப் பார்த்தால் ஐயமே மிஞ்சும். ஆகவே இரண்டுமே துணிபு தரா. தன் சமயத்தின் தலையாய வாதத்தை ஐயத்துக்கு எடுத்துக்காட்டாகத் தரும் துறவியைக் காப்பியத்தில் காண்பது சாதாரணமான செய்தியன்று.

இந்தத் துணிவு சாத்தனாருக்கே உரியது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் பட்டியல் அவருடையதன்று. நியாயப்பிரவேசம் என்ற வடமொழிச் சிறுநூலில் இதே முப்பத்து மூன்று போலிகளும் ஏறத்தாழ இதே எடுத்துக்காட்டுகளோடு உள்ளன. திபெத்திய மரபு அந்நூலைத் திக்நாகருக்கு உரியது என்கிறது. சீன மரபு சங்கரசுவாமி என்பவருக்குத் தருகிறது. யுவான் சுவாங் 647இல் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். திக்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்று திபெத்திய மரபு கூறுவதையும், நாலந்தாவின் தலைவராயிருந்த தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதியிருப்பதையும் நினைத்தால், அறவண அடிகள் காஞ்சியில் அமர்ந்து தருக்கம் சொல்வது தற்செயலாகத் தோன்றவில்லை. 29ஆம் காதை திக்நாகருக்கு முற்பட்டது என்று 1928இல் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் வாதிட்டார்; அது நியாயப்பிரவேசத்தின் வழிவந்தது என்றார் குப்புசாமி சாஸ்திரி. என் சாய்வு சாஸ்திரியார் பக்கம். உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது நியாயப்பிரவேசத்தின் வடமொழி மூலம் அச்சில் இல்லை. 1930இல்தான் அது பரோடாவிலிருந்து வெளிவந்தது. கும்பகோணத்து ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்லப் பௌத்தம் கேட்டறிந்த ஐயர், இந்தக் காதையின் ஒவ்வொரு சொல்லோடும் எப்படி மல்லுக்கட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பட்டியல் பிறருடைய வாதங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆன்மா உண்டு என்பதற்குச் சாங்கியர் சொல்லும் புகழ்பெற்ற காரணம் ஒன்று இதில் வருகிறது. கட்டிலும் இருக்கையும் பல உறுப்புகள் சேர்ந்து அமைந்தவை. அவை தமக்காக இல்லை, வேறொருவர் பயன்கொள்ளவே உள்ளன. கண் முதலிய பொறிகளும் அப்படிச் சேர்ந்து அமைந்தவையே, ஆகவே அவற்றைப் பயன்கொள்ளும் வேறொருவன் உண்டு, அவனே ஆன்மா. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் கட்டிலில் படுப்பவன் யார்? கையும் காலும் உடைய, தானும் பல உறுப்புகள் சேர்ந்த ஒருவன். எடுத்துக்காட்டை நம்பிப் போனால் உறுப்புகளால் ஆன ஆன்மாதான் கிடைக்கும். சாங்கியர் விரும்பியதோ உறுப்பற்ற ஒன்று. காரணம் தன் முதலாளிக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிடுகிறது. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல் உலகுக்கு ஒரு கர்த்தா என்ற வாதத்தையும் இதே முறையில் சோதிக்கலாம்; குயவனுக்கு உடம்பு உண்டு, மண்ணை அவன் படைக்கவில்லை, ஊரில் ஒரே குயவன் என்பதும் இல்லை. 1779இல் வெளிவந்த டேவிட் ஹ்யூமின் உரையாடல் நூலில் இதன் மிக நெருங்கிய உறவினரைப் பார்த்தபோது, பழைய நண்பரை வெளியூரில் சந்தித்தது போலிருந்தது.

இனிக் கதாநாயகியையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாமா? 27ஆம் காதையில் மாதவன் வடிவு கொண்டு வஞ்சியில் சமயக்கணக்கர்களைக் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். இம்மை ஒன்றே உண்டு, மறுமை பொய் என்கிறான் அவன். முற்பிறப்பை அறிந்தவர்களும் உண்டே என்று அவள் சிரிக்கிறாள். தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம், ஐயத்துக்கு உரியது என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறெப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். வகுப்பில் இந்த இடத்தில் மாணவர்கள் கைதட்டுவார்கள். காட்சி ஒன்றே அளவை என்ற அவனுடைய கொள்கைக்கு அது சரியான அடிதான். ஆனால் அவன் எழுப்பிய ஐயத்துக்கு அது விடையாகுமா? அவன் தோற்றதனால் முற்பிறப்பு நிறுவப்பட்டுவிடாது. அவளுடைய முற்பிறப்பு அறிவு மணிபல்லவத்துப் புத்த பீடிகையால் கிடைத்தது. அவளுக்கு அது காட்சி, எதிரே நிற்பவனுக்கு அன்னியதராசித்தம். மயக்கமா உண்மையா என்ற அவன் கேள்வி, ஆவியா புகையா என்ற கேள்வியேதான். இரண்டு காதைகள் கழித்து அறவண அடிகள் சொல்லப்போகும் பாடத்தை, பெயர் தெரியாமலே அந்தப் பூதவாதி சொல்லிவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாத்தனார் அவனை வெல்லவைக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதை நூலிலிருந்து நீக்கவும் இல்லை.

கருவி ஒருவர் கையில் நிற்கவில்லை. குண்டலகேசிக்கு விடையாக எழுந்த நீலகேசியில் சமண நாயகி பௌத்தர்களையே ஒருவர்பின் ஒருவராக வாதுக்கு அழைக்கிறாள். எல்லாம் கணந்தோறும் அழிவதானால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் அல்லவா என்பது அவள் தரப்பு. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தமும் சமணமும் சேர்த்து மறுக்கப்படுகின்றன. அதே நூலின் அளவை இயலும் போலிகளை எண்ணுகிறது. நியாயப்பிரவேசத்துக்கு நமக்குக் கிடைக்கும் உரைகளில் முக்கியமான ஒன்றை எழுதியவர் அரிபத்திரர் என்ற சமணர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். எதிரியின் ஆயுதத்துக்கு இத்தனை அக்கறையாக உரை எழுதிய காலம் அது.

முப்பதாம் காதையில் மணிமேகலை மும்மணியைச் சரணடைகிறாள். அடிகள் பன்னிரு சார்புகளை விரிக்கிறார். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்ற வாய்பாட்டில் அவற்றை அவர் நிறுவிக் காட்டவில்லை. முந்தின காதையைப் படித்துவிட்டு வருபவர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பேச்சின் முடிவில், கேள்விகளுக்கு விடை சொல்லும் நான்கு வழிகளைக் கூறுகிறார். தோன்றியது அழியுமா என்றால், அழியும் என்று துணிந்து சொல்வது. செத்தவன் பிறப்பானா என்றால், பற்று அற்றவனா அறாதவனா என்று கேள்வியைக் கூறிடுவது. முட்டை முந்தியதா பனை முந்தியதா என்றால், எந்த முட்டை, எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது. ஆகாயப் பூ பழையதா புதியதா என்று கேட்பவனுக்கு வாய் திறவாதிருப்பது. பூதவாதி எழுப்பிய கேள்வியை அடிகள் இரண்டாம் வகையில் வைத்திருக்கிறார், நான்காவதில் வைக்கவில்லை.