மச்சானின் ராஜ்தூத் 350

ராஜ்தூத் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பால்காரர் வண்டி. இரண்டு பக்கமும் கேன் தொங்க, புகை விட்டுக்கொண்டு போகுமே, அந்த 175 சி.சி. வண்டி. அதன் மூலம் போலந்து நாட்டு எஸ்.எச்.எல். மோட்டார் சைக்கிள். 1973இல் ‘பாபி’ படத்தில் வந்த குட்டி வண்டியையும் அதே எஸ்கார்ட்ஸ் கம்பெனிதான் செய்தது. அந்தக் கம்பெனி 1983இல் திடீரென்று 350 சி.சி.யில் இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் அதே ராஜ்தூத். உள்ளே இருந்தது ஜப்பான் யமஹாவின் ஆர்.டி. 350.

அப்படி ஒரு வண்டியைத்தான் இரண்டு வருடமாக எங்கள் வீட்டு போர்டிகோவில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி என்னுடையது அல்ல. என் மனைவியின் அண்ணனுடையது. 1992இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அவர் போனபிறகு பல வருடம் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. “எடைக்குப் போட மனசு வரலைங்க. நீங்கதான் ரிட்டயர் ஆகி சும்மா இருக்கீங்களே” என்று அக்கா சொன்னார். கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே ஆக்கித் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

கம்பெனியில் இருந்து எப்படி வந்தது என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

ஜப்பானில் ஆர்.டி. 350 வெளியானது 1973இல். காற்றால் குளிரும் 347 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஆறு கியர், முன்னால் டிஸ்க் பிரேக், 39 குதிரைத்திறன். 1976இல் ஆர்.டி. 400 வந்ததும் அங்கே அதன் கதை முடிந்தது. அவர்கள் ஓரம் கட்டி ஏழெட்டு வருடம் கழித்து நமக்கு வந்தது. வரும்போதே கையைக் காலைக் கட்டித்தான் அனுப்பினார்கள். டிஸ்க் போய் டிரம் பிரேக். 39 குதிரை 30.5 ஆனது. இதை ஹெச்.டி. என்பார்கள், ஹை டார்க். அதற்கும் பெட்ரோல் போட்டு மாளவில்லை என்று ஜனங்கள் புலம்பியதால் பிற்பாடு 27 குதிரையில் எல்.டி. வந்தது, லோ டார்க்.

இதை வைத்து மட்டமாக நினைத்துவிடக் கூடாது. அன்றைய புல்லட் 350க்கு 18 குதிரைத்திறன்தான். நம் ஊர் ரோட்டில் எல்.டி.யே பேய் வண்டி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்குமே, அங்கே ஆர்.டி. கிளம்புகிற கீச்சுக் குரலைக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

ஆனால் விற்பனை ஆகவில்லை. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைப்பதே கஷ்டம். அதே சமயத்தில் 1984இல் இண்ட்-சுசூகி, 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100ம் என்று 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்து இறங்கின. ஆபீஸ் போகிறவன் எதை வாங்குவான்? 1990 வாக்கில் ராஜ்தூத் 350 நின்றுபோனது. விற்காத வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸும் சீக்கிரமே நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊர் மெக்கானிக்கும் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியதுதான் இந்த வண்டிகளின் மீதி வரலாறு.

அந்த வரலாறு முழுவதும் மச்சான் வண்டியில் இருந்தது. டேங்கைச் சுரண்டினேன். மேலே சிவப்பு, அதற்கடியில் மெட்டாலிக் நீலம், அதற்கும் அடியில் கறுப்பு. முன் சக்கரத்தில் வேறு ஏதோ வண்டியின் டிஸ்க். கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தேன். அதில் எந்த வண்டிக்கும் சேராதவையே ஒரு பாட்டில் நிறைந்தது.

ஆட்டோலூப் பம்பைக் காணவே காணோம். இது கொஞ்சம் சொல்ல வேண்டிய விஷயம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயில் சேர வேண்டும். ஆர்.டி.யில் ஆயிலுக்குத் தனி டேங்க், அதை அளந்து அனுப்ப ஒரு குட்டி பம்ப். பம்ப் கெட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் நம் ஊரில் பலர் அதைக் கழற்றி வீசிவிட்டு, பெட்ரோல் டேங்கிலேயே ஆயிலை ஊற்றிக் கலக்கினார்கள். மலை இறங்கும்போதுதான் அதன் வினை தெரியும். ஆக்ஸிலேட்டரை மூடி, கியரில் பிடித்து இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும். பெட்ரோல் போகாது, ஆகவே ஆயிலும் போகாது. பம்ப் இருந்தால் இன்ஜின் சுற்றுகிற சுற்றுக்குக் கொஞ்சமாவது அனுப்பிக்கொண்டிருக்கும். மச்சான் ஒருமுறை ஊட்டியிலிருந்து இறங்கும்போது கல்லாறு பக்கம் வண்டி பிடித்துப்போய், மேட்டுப்பாளையம்வரை லாரியில் ஏற்றிவந்த கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். “யமஹாக்காரன் இன்ஜினே அப்படித்தான்” என்று முடிப்பார். பாவம், யமஹாக்காரன் சரியாகத்தான் செய்திருந்தான்.

சிலிண்டரைக் கழற்றியபோது வலது பிஸ்டனின் தலையில் 1.00 என்று பொறித்திருந்தது. இடதில் 0.50. இன்ஜின் புதிதில் 64 மில்லிமீட்டர் போர். ஒவ்வொரு முறை ரீபோர் செய்யும்போதும் கால் மில்லிமீட்டர் கூடும். ஆக வலது பக்கம் நாலு முறை, இடது பக்கம் இரண்டு முறை. கல்லாறில் பிடித்தது எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் இல்லை. நம் கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? இரண்டுக்கும் புது ஸ்லீவ் இறக்கி மறுபடி 64க்குக் கொண்டுவந்தாயிற்று. பம்ப் புதுப்பேட்டையில் மூன்றாவது தடவை போனபோது கிடைத்தது.

அந்த வேலையின்போதுதான் மெக்கானிக் சொன்னார். “ஏனுங் சார், இது எல்.டி. பிளாக்குங்க. சைலன்சரும் எல்.டி.தான்.”

நான் நம்பவில்லை. பக்கவாட்டு மூடியில் ஹெச்.டி. என்று மச்சான் தன் கையாலேயே ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. “நம்மளது ஹெச்.டி. ஆக்கும்” என்று சொல்லாத நாளில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தயாரிப்பு வருடம் 1988. எல்.டி.தான். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

மெக்கானிக் ஒரு வழி சொன்னார். இன்ஜின் பிரித்துத்தான் கிடக்கிறது, ஹெச்.டி. பிளாக் ஒன்று தேடிப் போட்டுவிடலாம், விலையும் அதற்குத்தான் ஜாஸ்தி என்றார். உண்மைதான். இப்போது ஹெச்.டி. என்றாலே கேட்கிற தொகை வேறு. அக்காவுக்கு அந்தப் பணம் உதவும் என்பதும் எனக்குத் தெரியும். நாலு நாள் தூக்கம் வரவில்லை. கடைசியில் வேண்டாம் என்றேன். சுரண்டிச் சுரண்டிக் கறுப்பு வரைக்கும் போய்விட்டு, இன்ஜினில் மட்டும் பொய்யை வைப்பதா?

பிரேக் விஷயத்தில் அவ்வளவு வீராப்பு வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பழைய டிரம்மை மாட்டுவது தெரிந்தே வண்டியை மோசமாக்குவது. ஆனாலும் மாட்டினேன். ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சேஸிஸ் பெயின்ட் அடிக்கும்போது மட்டும், நம்பர் பொறித்த இடத்தில் உப்புத்தாள் படாமல் நானே பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் தேய்த்துப் பார்ப்பார்கள். எழுத்து மங்கினால் ஆர்.சி. புதுப்பிப்பது பெரும்பாடு.

போன மாதம் மச்சானின் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். ஆர்.சி.யைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பாவுக்குத் தெரியுமா மாமா?”

விற்றவன் ஏமாற்றியிருக்கலாம், தெரிந்தேகூட வாங்கியிருக்கலாம் என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அவன் பழைய பக்கவாட்டு மூடியைக் கேட்டான். ஸ்டிக்கரோடு அப்படியே ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன், கொடுத்தேன். பிறகு வண்டியை வெளியே தள்ளி மூன்றாவது உதையில் ஸ்டார்ட் செய்தான். சத்தம் கேட்டு அக்கா உள்ளே இருந்து வந்து வாசற்படியில் நின்றார். “புகை ஜாஸ்தியா இருக்குதே” என்றார். பம்ப் அளவை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கிறேன்.