டிரேஸ்டுகெதர்

டிரேஸ்டுகெதர்: கொவிட்-19 தொற்றியவர்களோடு நெருங்கிப் பழகியோரைக் கண்டறியச் சிங்கப்பூர் அரசு 2020 மார்ச் 20 அன்று வெளியிட்ட கைப்பேசிச் செயலி. கைப்பேசி இல்லாதவர்களுக்காகப் பின்னர் கையடக்கக் கருவியும் வழங்கப்பட்டது.

செயல்முறை: அருகருகே இருந்த கருவிகள் புளூடூத் வழியாக அடையாளக் குறிகளைப் பரிமாறிக்கொண்டன. பதிவுகள் மறைகுறியாக்கப்பட்டுக் கருவியிலேயே 25 நாள் இருந்து அழிந்தன, செல்லுமிடம் பதிவாகவில்லை. 2021 மே முதல், லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையம் போன்ற சந்தைகளிலும் கடைத்தொகுதிகளிலும் நுழைய இது தேவைப்பட்டது.

சர்ச்சை: தகவல்கள் தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே என்று முதலில் உறுதியளிக்கப்பட்டிருந்தது. ஆனால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அவற்றைப் பெறமுடியும் என உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஒரு கொலை வழக்கில் அவ்வாறு பெற முயன்றதும் வெளிவந்தது. முன்னர் இதைக் கருதத் தவறியதாக அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார்.

சட்டம்: இதையடுத்து 2021 பிப்ரவரி 2 அன்று நிறைவேறிய சட்டத் திருத்தம், கொலை, பயங்கரவாதம் உள்ளிட்ட 7 வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் பயன்பாட்டை வரையறுத்தது. மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது வகைசெய்தது.

ஒப்பீடு: அரசிடமிருந்து தனிநபர் அந்தரங்கத்தைக் காப்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பைக் கட்டுப்படுத்தியது, 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. சிங்கப்பூர் அரசமைப்பில் அந்தரங்க உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அந்நாட்டின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது.

முடிவு: 2023 பிப்ரவரியில் செயலி நிறுத்தப்பட்டது.