தப்பும் பாட்டும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அன்றாடச் செய்தியை லயங்களுக்கு முதலில் அறிவித்தது தப்பு. விடியுமுன் அதன் ஒலி கேட்டதும் தொழிலாளர் பெரட்டுக்குத் திரண்டனர். ஆனால் அது துரையின் செய்தி. கங்காணியின் வாய்வழி வந்தது. வேறு செய்தி எவ்வாறு புகும்? வெளியார் நுழைவதே குற்றமாயிருந்த காலம் அது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டே உள்ளே சென்றார் என்பர். 1924இல் அவர் ‘தேசபக்தன்’ இதழைத் தொடங்கினார். 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

எழுத்தறியாதார் மிகுந்த லயங்களில் இதழால் மட்டும் பயன் விளையுமா? அக்குறையைத் தீர்த்தவர் அவர் துணைவியார் மீனாட்சியம்மையே. வரலாறு அவருக்கு உரிய இடத்தை நெடுங்காலம் அளிக்கவில்லை. மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடல்கள் இயற்றி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். அச்சுத்தாளைப் பறித்துவிடலாம், நாவில் ஏறிய மெட்டைப் பறிப்பது எவ்வாறு? தொழிலாளரின் துயரும் உரிமையும் இவ்வாறே லயத்து முற்றத்திற் பாட்டாக ஒலித்தன.