ஏலக்காயும் உழவர் தேர்வும்: போடி மலைச்சரிவின் வரலாறு

புதிய பயிர் இரகங்களை உருவாக்கும் பணியில் ஆய்வாளர்களுடன் உழவர்களும் சேர்ந்து செயல்படுவது பங்கேற்புப் பயிர்ப்பெருக்கம் எனப்படும். 1990களில் சிரியாவில் பார்லிப் பயிரில் இம்முறை சிறப்பாகக் கையாளப்பட்டது. ஏலமலை உழவர்களோ இப்பணியின் முதற்படியான தேர்வை அதற்கு முன்பே தாங்களாகச் செய்துவந்தனர்.

இடமும் பயிரும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிப் பக்கமும் போடிமெட்டுப் பக்கமும் ஏறும் சரிவுகள், கேரளத்தின் இடுக்கி மலைகளோடு இணைகின்றன. தோட்டங்களில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் உள்ளது. ஆனால் காய்க்கு விலை வைக்கும் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடைபெறுகிறது.

ஏலத்தில் மலபார், மைசூர், வழுக்கை என மூன்று வகைகள் உண்டு. மலபார் வகையில் காய்ச்சரம் தரையில் படரும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை இவ்விரண்டின் இயற்கைக் கலப்பு எனக் கருதப்படுகிறது. தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால் விதைக் கன்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாது.

ஞள்ளானி

1980களின் பிற்பகுதியில் கட்டப்பனை உழவர் செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் மிகுதியாகக் காய்த்த செடியைத் தேர்ந்து, பக்கக் கன்றுகளால் பெருக்கினார். குடும்பப் பெயரால் ஞள்ளானி என்றழைக்கப்பட்ட இவ்விரகம், நன்கு பராமரித்த தோட்டங்களில் எக்டேருக்கு 1,500 கிலோ அளவுக்கு விளைந்தது. கன்றுகள் கைமாறி ஏலமலை முழுவதும் பரவின.

வெற்றியின் மறுபக்கம்

விளைச்சல் கூடியது; பழைய வகைகள் குறைந்தன. ஒரே செடியின் வழிவந்த கன்றுகள் பரப்பெங்கும் நிற்கும்போது, ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கலாம். அசுவினியால் பரவும் கட்டே நச்சுயிரி நோய் விதை வழியே வராது. நோயுற்ற பக்கக் கன்று வழியே வரும். பலனைத் தந்த முறையே ஆபத்தையும் சுமந்து வந்தது.

சட்டமும் கடமையும்

2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் உருவாக்கிய இரகங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. விதையைச் சேமிக்கவும் பகிரவும் உள்ள உரிமையையும் அது ஏற்றது. மயிலாடும்பாறை, பாம்பாடும்பாறை ஆய்வு நிலையங்கள் ஏல வகைகளைச் சேகரித்துக் காக்கின்றன. ஆயினும் நிலையத்தில் காப்பது மட்டும் போதாது. தோட்டத்தின் ஓரத்திலாவது பழைய வகைகள் நின்றால்தான், நாளைய உழவருக்குத் தேர்ந்தெடுக்க ஏதேனும் மிஞ்சும்.