கிரிப்டோலேமஸ் பொறிவண்டு

கிரிப்டோலேமஸ் பொறிவண்டு என்பது மாவுப்பூச்சிகளை இரையாகக் கொள்ளும் ஒரு பொறிவண்டு இனமாகும். இதன் அறிவியற்பெயர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியேரி. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு காப்பி, திராட்சை, கொய்யா, எலுமிச்சை முதலிய பயிர்களில் உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டிற்குப் பயன்படுகிறது. காப்பியும் மரவள்ளியும் விளையும் கொல்லிமலை போன்ற பகுதிகளில் இதன் பயனும் வரம்பும் ஒருங்கே அறியத்தக்கவை.

வரலாறு

1891-92 ஆம் ஆண்டுகளில் ஆல்பர்ட் கோபெலே இவ்வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவிற்குக் கொண்டு சென்றார். 1898 இல் காப்பியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக இது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அந்நோக்கம் நிறைவேறவில்லை. எனினும் தென்னிந்தியாவில் மாவுப்பூச்சிகளை உண்டு நிலைபெற்றது.

உருவமைப்பு

முதிர்ந்த வண்டு ஏறத்தாழ 4 மி.மீ. நீளமுடையது. முன்னிறகுகள் கருமையாகவும், தலையும் மார்பும் இறகுகளின் நுனியும் செம்மஞ்சளாகவும் இருக்கும். புழுவின் உடலை வெண்ணிற மெழுகிழைகள் மூடியிருப்பதால் அது மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். இதனால் உழவர்கள் நன்மை செய்யும் புழுவையே பூச்சியெனக் கருதி அழித்துவிடுவதுண்டு. புழு உருவில் பெரியது, இழைகள் நீண்டவை, விரைந்து நகரும். மாவுப்பூச்சியோ பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும்.

வளர்ப்பும் பயன்பாடும்

பெண் வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைத் திரள்களில் முட்டையிடும். புழுக்களும் வண்டுகளும் பூச்சியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும். ஆய்வகங்களில் பரங்கிக்காய் மீது மாவுப்பூச்சிகளைப் பெருக்கி, அவற்றில் வண்டுகளை விட்டு வளர்க்கின்றனர். முட்டை வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். திராட்சையில் கொடி ஒன்றுக்கு 10 வண்டுகள் விடுவது வழக்கம்.

மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீரை நாடிவரும் எறும்புகள் வண்டுகளை விரட்டும். ஆகவே எறும்புகளைக் கட்டுப்படுத்துதல் வேண்டும். வண்டு விட்ட தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தலும் ஆகாது.

வரம்புகள்

பூச்சிகள் திரளாக உள்ள இடங்களிலேயே இவ்வண்டு நன்கு செயற்படும். இரை குறைந்தால் வேறிடம் செல்லும். 2020 இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, தமிழகத்தில் நாமக்கல், சேலம் மாவட்டங்களிலும் பரவியது. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி அங்கு மரவள்ளிக்கு மாறிவிட்டதால், இப்பூச்சி மலைவாழ் மக்களின் வருவாயையே தாக்கவல்லது. இப்பூச்சியை அடக்க, ஆப்பிரிக்காவில் 1981 முதல் பயன்பட்ட அனாகைரஸ் லோபேசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 இல் தமிழகத்தில் விடப்பட்டது. பூச்சிகள் சிதறிக் கிடந்தாலும் தேடிச்சென்று அவற்றின் உடலில் முட்டையிடுவது இக்குளவியின் சிறப்பு. பொறிவண்டுகள் இதற்குத் துணையாக அமைகின்றன.