கழுத்துத் தண்டுவட அறுவைக்குப் பின் இரத்த உறைவு: தடுப்பு மருந்து யாருக்கு, எப்போது?

கழுத்து முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டவருக்கு ஆபத்து காலிலிருந்தும் வரலாம். கெண்டைக்கால், தொடை ஆகியவற்றின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரே போகக்கூடும். இதைத் தடுக்கும் மருந்து அறுவை செய்த இடத்தில் இரத்தக் கசிவைத் தூண்டவும் கூடும். ஆகவே, மருந்து தருவதா வேண்டாமா என்பதை அறுவையின் பெயரைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது; நோயாளியின் கால் அசைவையும் அவருக்குள்ள பிற காரணிகளையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

நுரையீரலை அடைக்கும் கட்டி வேறிடத்தில் தோன்றிப் பெயர்ந்து வருவதே என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ச்சோ காட்டினார். அவர் பெயரால் வழங்கும் மூன்று காரணங்கள்: இரத்த ஓட்டத் தேக்கம், இரத்தக்குழாயின் உட்சுவர்ப் பாதிப்பு, எளிதில் உறையும் இரத்தத் தன்மை. மயக்க நிலையில் பல மணி நேரம் அசையாது கிடப்பது முதலாவதற்கும், அறுவையால் திசுக்கள் காயப்படுவது மூன்றாவதற்கும் வழிசெய்கின்றன.

ஆபத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. கழுத்தின் முன்புறம் வழியாக டிஸ்க்கை அகற்றி எலும்புகளை இணைக்கும் அறுவைக்குப் பின் பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கின்றனர். திட்டமிட்டுச் செய்யப்படும் இவ்வகை அறுவைகளில் அறிகுறியுடன் கூடிய உறைவு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. பின்புறம் வழியாகப் பல எலும்புகளில் செய்யும் நீண்ட அறுவையில் அது கூடுகிறது. முதுமை, உடற்பருமன், புற்றுநோய், முன்பு உறைவு ஏற்பட்ட வரலாறு ஆகியவையும் ஆபத்தை உயர்த்துகின்றன.

விபத்தில் தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலிழந்தவரின் நிலையே மிகக் கடுமையானது. கெண்டைத்தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுவிடுகிறது. உணர்ச்சியற்ற காலில் வலியும் தெரிவதில்லை; வீக்கத்தைப் பிறர் கவனித்தால்தான் உண்டு. முதல் 3 மாதங்களில் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

மறுபுறம், இரத்தக் கசிவின் விளைவும் கொடியது. பின்புற அறுவையில் தண்டுவட உறைக்கு வெளியே தேங்கும் இரத்தம் தண்டுவடத்தை நெரித்துக் கைகால்களை முடக்கலாம். முன்புற அறுவையில் அது மூச்சுக்குழாயை நெரிக்கும். கழுத்து இறுகி வீங்கும், குரல் மாறும், நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார். அந்நிலையில் படுக்கையிலேயே தையலைப் பிரித்து இரத்தத்தை வெளியேற்ற நேரிடலாம். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழ்வது.

எல்லோருக்கும் மருந்து தந்துவிட்டால் யாரையும் தவறவிட மாட்டோம் என்று வாதிடலாம். ஆனால் உறைவு அரிதாக உள்ளவரிடம் மருந்தால் கிடைக்கும் பயன் சிறிது. கசிவு நேர்ந்தால் இழப்போ பெரிது. விரைவில் நடக்கக்கூடியவருக்கு, அறுவை மேசையிலேயே தொடங்கி, காற்றழுத்தத்தால் காலை விட்டுவிட்டு அமுக்கும் உறைகளும், அறுவைக்குப் பின் உடனடி நடையும் பெரும்பாலும் போதும். கால் செயலிழந்தவருக்கோ பல காரணிகள் ஒன்றுசேர்ந்தவருக்கோ இவை போதா. கசிவு அடங்கியது உறுதியானதும், பொதுவாக அறுவைக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள், எனோக்சாபாரின் போன்ற குறைமூலக்கூறு எடை ஹெப்பாரின் தொடங்கப்படுகிறது. வழக்கமான தடுப்பு அளவு நாளுக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது குறைக்கப்படும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், மார்புவலி, காரணமற்ற நாடித்துடிப்பு உயர்வு ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது. அறுவைக்குப் பின் டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனை அளவு இயல்பாகவே உயர்ந்திருப்பதால், அது உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து உறைவு உண்டு என்று கொள்ள முடியாது. காலுக்கு டாப்ளர் ஸ்கேனும் நுரையீரலுக்குச் சாயமேற்றிய சி.டி. ஸ்கேனும் வேண்டும். உறைவு உறுதியானால் சிகிச்சை குறைந்தது 3 மாதம் தொடரும்.

எனவே உறைவின் ஆபத்தையும் கசிவின் ஆபத்தையும் ஒவ்வொரு நோயாளிக்கும் அறுவைக்கு முன்பே எடைபோட்டு, மருந்து தொடங்கும் நேரத்தையும் நோயாளிக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதே முறையான மருத்துவம்.